மட்டமாக வெட்டிய கான்

2024 ஜூலை 7
மலையிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் விரல் மொத்தத்துக்குத்தான் விழுகிறது. லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் போஞ்சிக் கொடிக்கு வாளியில் சுமக்கிறேன். இடுப்பு போச்சு. இது கருகினால் இந்த வருஷம் ஒன்றுமில்லை.
கீழே பயிர் செய்யும் பாக்கியலெட்சுமியின் ஊற்று வற்றிவிட்டதாம். சந்தோஷப்படக் கூடாது. கொஞ்சம்தான் பட்டேன். என் மூத்தவள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "இது சாம்பாரா, பீலித் தண்ணியா?" என்று கேட்டவள். அன்றோடு பேச்சை விட்டேன். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

ஆகஸ்ட் 18
சாயங்காலம் மழை. ஓடிப் போய்ப் பார்த்தால் — என் காணியில் விழுந்ததெல்லாம் சரிவில் இறங்கி அவள் காணிக்குப் போகிறது! என் மண்ணு, என் எரு, அவளுக்கா?

ஆகஸ்ட் 19
தேயிலைக்குள் கான் வெட்டுவது தண்ணீர் வடிந்து ஓடத்தான். வாட்டம் வைத்து வெட்டுவோம். நான் என் காணியில் சரிவுக்குக் குறுக்கே, வாட்டமே இல்லாமல் மட்டமாக வெட்டினேன். இரண்டு முனையும் அடைப்பு.
"என்னம்மா, இந்தக் கான் எங்கயும் போகலையே?" என்றான் மகன் சுரேஸ்.
"போகக் கூடாதுன்னுதான்டா வெட்டுறேன்."
மானாப்புல்லை அறுத்துப் போஞ்சி அடியில் பரப்பினேன். ஒரு சொட்டு கீழே போகாது.

செப்டம்பர் 22
மழைக்குக் கான் நிறைகிறது. விடிந்தால் காலி. நிலமே குடித்துவிடுகிறது. வாளியைத் தொட்டு நாளாச்சு. போஞ்சிக் காய் தொங்குகிறது.

அக்டோபர் 2
விவசாயப் போதனாசிரியர் ஷஹீலா வந்து போட்டோ பிடித்தார். "தண்ணிய மிச்சம் புடிக்கிறதுக்கு நீங்கதான் பாட்டி முன்மாதிரி. யாரு சொல்லித் தந்தது?"
கீழே பாக்கியலெட்சுமியின் காணியைக் கை காட்டினேன்.

அக்டோபர் 20
அவள் ஊற்றில் தண்ணீர்! என் கானில் நின்றது மண்ணுக்குள்ளே இறங்கி அங்கே கசிகிறது என்கிறான் சுரேஸ். ஐயோ, நான் வெட்டினது எதுக்கு, நடக்கிறது என்ன?
மூடிவிட மம்பட்டியோடு போனேன். மூடினால் என் போஞ்சி? நின்றுகொண்டே இருந்தேன்.
"மூடிறாதீங்க மதினி," என்று கீழேயிருந்து அவள் சத்தம். மதினியாம்!
திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 10
கானில் வண்டல் சேர்ந்துவிட்டது. வாரிப் போட்டேன். என் போஞ்சிக்காகத்தான். அடுத்த முனையில் அவளும் ஏறி வந்து வாரினாள்.
மத்தியானம் தூக்குச்சட்டியில் சாம்பார் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கரண்டி நட்டால் நிற்கும், அவ்வளவு கெட்டி.
கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் சாப்பிட்டேன்.