தாயப்பலகைக் காட்டின் மனிதர்கள்

சென்னை,
18.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வேல்முருகன் எழுதுவது. நீயும் மச்சானும் யமுனாவும் சுகந்தானே? பொங்கலுக்கு ஊருக்கு வராததற்கு என்னை நன்றாகத் திட்டி முடித்துவிட்டு, அப்புறம் மேலே படி.

ஒரு நல்ல சேதி. எங்கள் கம்பெனி குழந்தைகளுக்காக ஒரு சாகசப் படம் எடுக்கிறது. இயக்குநருக்கு நாலு உதவியாளர்கள், அதில் நான் நாலாவது. கதையைக் கேள். பட்டணத்து வீடு ஒன்றில் அண்ணனும் தங்கையும் பழைய மரப்பெட்டிக்குள் ஒரு தாயப்பலகையைக் கண்டெடுக்கிறார்கள். தாயக்கட்டையை உருட்டினால் கட்டத்தில் வரைந்திருப்பது உயிரோடு வெளியே வருகிறது. இரண்டு விழுந்தால் சமையலறை முழுக்கக் குரங்கு. ஐந்து விழுந்தால் கூடத்துக்குள் மழை. ஒரு தரம் உருட்டும்போது அவர்களுடைய அப்பாவைப் பலகை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவரை மீட்க இரண்டு பிள்ளைகளும் பலகைக்குள் இருக்கிற காட்டுக்குள் போகிறார்கள்.

அந்தக் காடு நம் கொல்லிமலைக் காடு, அக்கா! குண்டனி நாட்டுப் பக்கத்துச் சோலையை நான் எடுத்து வைத்திருந்த போட்டோக்களைப் பார்த்ததுமே இயக்குநர் சரி என்றுவிட்டார். மாசி மாதம் இருபது நாள் படப்பிடிப்பு. அந்தக் காட்டில் வாழும் மக்களாக நடிக்க நாற்பது பேர் வேண்டும். நம் ஊர் ஆட்களிடம் நீதான் சொல்ல வேண்டும். பால்வாடி டீச்சர் சொன்னால் கேட்பார்கள்.

யமுனாவுக்கு என் முத்தம்.

உன் அன்புத் தம்பி,
வேல்முருகன்


குண்டனி நாடு,
5.2.1998

அன்புத் தம்பி வேல்முருகனுக்கு அக்கா மாதம்மாள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. திட்டியாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டலில் தின்று தின்று உன் வயிறு என்னத்துக்கு ஆகும்?

நீ சொன்ன சேதியைக் கேட்டு ஊரே சிரித்துக் கிடக்கிறது. நாற்பது பேர் கேட்டாய், அறுபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரிப் பெரியப்பா மட்டும் பால்வாடிக்கு வந்து கேட்டார்.

"ஏன் கண்ணு, அந்தப் படத்துல நாங்க என்ன பண்ணோணுமாம்?"

"தெரியலீங்க பெரியப்பா. தம்பி இருக்கறான், பாத்துக்குவான்."

"அப்ப சரி. நம்ம பையன் இருக்கறப்ப என்ன?" என்று சொல்லிவிட்டு அவரும் பெயர் கொடுத்துவிட்டார்.

உனக்குப் பிடிக்குமென்று சாமை குத்தி வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் நம் வீட்டுக்கு வா. மற்றதெல்லாம் அப்புறம்.

அன்புள்ள அக்கா,
மாதம்மாள்


குண்டனி நாடு,
22.3.1998

அன்புத் தம்பிக்கு,

நீங்களெல்லாம் லாரியேறிப் போய் ஒரு வாரமாகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இருபது நாளும் நீ நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. வேலை அப்படி என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். ஊரில் கேட்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எங்களுக்குக் கரியைப் பூசினார்களே, அது இன்னும் காது மடலில் இருக்கிறது. துவைத்து வைத்த சேலைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கோணிச் சாக்கைக் கிழித்துக் கட்டச் சொன்னார்கள். கழுத்தில் ஆட்டெலும்பு. "நம்ம நாட்டுல எவன் எலும்பு மாட்டிக்கிட்டுத் திரியறான் சாமி?" என்று அர்த்தனாரிப் பெரியப்பா உன்னைத்தான் கேட்டார். நீ நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய். இரைச்சலில் காதில் விழவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? உன் பக்கத்தில் காமிராக்காரர் நின்றார். "வெச்சுட்டுப் போங்கம்மா" என்றாய். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்ட பையன். இத்தனை மரியாதை எங்கிருந்து வந்ததென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். யமுனா கேட்டாள், "மாமா ஏம்மா உன்னைய யாரோ மாதிரி கூப்பிட்டாரு?" வேலை செய்கிற இடத்தில் அப்படித்தான் கண்ணு என்று சொல்லி வைத்தேன்.

சோறு கொண்டுவந்த பானை நம் அம்மா வைத்திருந்தது. கொடுத்தனுப்ப ஆள் கிடைக்காமல் அங்கேயே விட்டுவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை.

அக்கா,
மாதம்மாள்


சென்னை,
30.4.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மும்முரம். எடிட்டிங், டப்பிங் என்று மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் பதில் தாமதம். மன்னித்துக்கொள்.

வேஷத்தைப் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இது மாயக் கதை. குழந்தைகளுக்குப் பிடிக்க வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவார்கள். திரையில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

படம் அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு வருகிறது. நீங்கள் மலையிறங்கிச் சேந்தமங்கலம் கொட்டகைக்குப் போய்ச் சிரமப்பட வேண்டாம். அங்கே திரையும் சரியில்லை, சத்தமும் சரியில்லை. நானே ஒரு நாள் கேசட் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன். மறக்காமல் எல்லோரிடமும் சொல்.

தம்பி,
வேல்முருகன்


குண்டனி நாடு,
28.12.1998

தம்பி வேல்முருகனுக்கு,

நீ வேண்டாமென்று எழுதியிருந்தும் போனோம். நான் சொல்லித்தான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. சொந்த முகத்தைத் திரையில் பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? நாற்பது பேரும் ஒரு லாரி பிடித்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிப் போனோம். சேலைகளுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. அர்த்தனாரிப் பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

கொட்டகை நிறையப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பன் அம்மாவும். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கூடத்துக்குள் மழை பெய்தபோது யமுனா கை தட்டினாள். குரங்குகள் உறியை இழுத்தபோது நானும் சிரித்தேன். அப்பாவைப் பலகை இழுத்துக்கொண்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் நாங்கள் வந்தோம்.

அந்தப் பிள்ளைகளைப் பிடித்துத் தின்கிறவர்கள் நாங்கள். ஓடி ஒளிகிறோம், பல்லைக் காட்டுகிறோம், பானையைச் சுற்றிக் குதிக்கிறோம். நடிக்கிறபோது பானை எதற்கு என்று கேட்டதற்கு, பொங்கல் வைக்கிறீர்கள் என்றுதான் சொன்னார்கள். எங்கள் வாய்க்கு வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். பேச்சே இல்லை, உறுமல்தான். நடுநடுவே ஒரு கூப்பாடு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கூப்பிட நாம் போடுகிற கூப்பாடு அது. மாடு மேய்க்கப் போன உன்னைச் சோற்றுக்குக் கூப்பிட நான் போட்டது. ஆள் தின்கிறவர்கள் வாயில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். முன் வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த ஆளு இங்க உக்காந்திருக்கறான்!" என்று கத்தியது. கொட்டகையே திரும்பியது. தம்மை அடையாளம் கண்டுகொண்டார்களென்று பெரியப்பாவுக்குச் சந்தோஷம். எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. ஒரு பையன் அந்தக் கூப்பாட்டைப் போட்டான். அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. குவித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

மீதிப் படத்துக்கு நாங்கள் இருக்கவில்லை. லாரியில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?

மாதம்மாள்


சென்னை,
19.1.1999

அக்கா,

தெரியும்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் ஏதேதோ சமாதானம் சொல்லியிருந்தேன். இதில் சொல்லப் போவதில்லை.

காட்சிகளைப் படி எடுத்து எழுதுவது என் வேலை. "காட்டுமிராண்டிகள் நாற்பது பேர் குழந்தைகளைச் சுற்றி வளைக்கிறார்கள். பானையில் தண்ணீர் கொதிக்கிறது." இதை என் கையால்தான் எழுதினேன். எழுதி முடித்த அதே மேசையில் உட்கார்ந்து, காட்டில் வாழும் மக்கள் வேண்டுமென்று உனக்கும் எழுதினேன். உள்ளதைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், இயக்குநரிடம் என் பெயர் கெட்டுப்போகும் என்று பயந்தேன்.

அந்தக் கூப்பாட்டைக் கொடுத்ததும் நான்தான். டப்பிங்கில் என்னென்னவோ கத்திப் பார்த்தார்கள், ஒன்றும் சரியாக வரவில்லை. நான் எழுந்து போட்டுக் காட்டினேன். இயக்குநர் தோளில் தட்டி, "பிரமாதம்டா வேலு, எங்கேருந்து புடிச்ச?" என்றார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சும்மா தோன்றியது சார் என்றேன்.

கம்பெனியில் யாருக்கும் என் ஊர் தெரியாது. சேர்ந்த அன்றைக்கு ஒருவர் கொல்லிமலை ஆட்களைப் பற்றி ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். அடுத்து என் ஊரைக் கேட்டார். சேந்தமங்கலம் என்று சொல்லிவிட்டேன். போட்டோவெல்லாம் சுற்றிப் பார்க்கப் போனபோது எடுத்தது, ஆட்களை அங்கே ஒரு பால்வாடி டீச்சர் பிடித்துக் கொடுத்தார் என்றேன். அதற்கப்புறம் நீ பானையோடு வந்து நின்றபோது அக்கா என்று எப்படிக் கூப்பிடுவேன்? உன் முகத்தில் கரி இருந்தது. சாமைச் சோற்றை நான் தொடவில்லை. லைட்டுக்காரர்கள் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறதென்றார்கள். பானையைத் திருப்பித் தர வீடு வரை வந்தால் யாராவது பார்த்துவிடுவார்களென்று வரவில்லை.

படம் வெளியான அன்று முதல் காட்சியை இங்கே பெரிய தியேட்டரில் பார்த்தேன். பெரியப்பா பல்லைக் காட்டி ஓடி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. பக்கத்தில் இயக்குநர் இருந்தார்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்பது.

வேல்முருகன்


குண்டனி நாடு,
14.6.1999

தம்பிக்கு,

ஐந்து மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றே இருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டாதே என்றாய். காட்டவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தேன். அவர்கள் என் வார்த்தையை நம்பித்தானே வந்தார்கள்? நான் தெரிந்தே ஏமாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு அவர்களும், அதைச் சொல்ல வழியில்லாமல் நானும், எத்தனை நாளைக்குத்தான் ஒரே ஊரில் முகம் பார்த்துக்கொண்டிருப்பது? வாசித்து முடித்தேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உன்னை அவமானப்படுத்த நினைத்து வாசிக்கவில்லை. ஆனால் யமுனாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அதை நான் நினைக்காமல் போய்விட்டேன்.

அவளை ஒன்பதாம் வகுப்புக்குச் சேந்தமங்கலத்தில் சேர்த்திருக்கிறோம், விடுதியில். விண்ணப்பத்தை அவளே எழுதினாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நகலைப் படித்தேன். சொந்த ஊர் என்ற இடத்தில் சேந்தமங்கலம் என்று எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன்.

"ஏன் கண்ணு, நம்ம ஊரு பேர எழுதல?"

"இங்க புள்ளைங்க எல்லாம் அந்தப் படம் பாத்திருக்குதுங்க. மாமாவும் இந்த ஊரைத்தான சொன்னாராம்? நீதான் வாசிச்ச."

"அவன் பண்ணுனது தப்புன்னுதான சாமி வாசிச்சேன்."

"தப்புன்னா அவரு வந்து சொல்லட்டும்."

 உன்னை நான் வளர்த்த லட்சணத்துக்கு அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் கடிதம் எழுதாதே. வருவதானால் வா.

மாதம்மாள்


குண்டனி நாடு,
11.7.1999

அன்புத் தம்பி வேல்முருகனுக்கு,

ஊருக்கு வந்துவிட்டுச் சென்னைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கம்பெனியில் இன்னும் வேலை இருக்கிறதா? இயக்குநரிடம் ஊரைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அவர் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டார் என்றாயே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை யமுனா சொன்னாள். நீங்க யாரு என்று கிளார்க் கேட்டதும், "இவளுக்குத் தாய்மாமன். கொல்லிமலைக்காரன். ஊர் பேரு தப்பா இருக்குது, திருத்தோணும்" என்றாயாம். சத்தம் பெரிசாக வந்துவிட்டதாம், வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்களாம். "மாமா அங்கயே நின்னு திருத்த வெச்சுட்டுத்தான் வந்தாரும்மா" என்றாள்.  இந்த வாரம் எனக்குப் போட்ட கார்டில், அனுப்புநர் இடத்தில் நம் குண்டனி நாட்டுப் பெயரையும் எழுதியிருந்தாள்.

கோயில் முன்னால் ஊரிடம் மன்னிப்புக் கேட்டு நீ பேசியபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அவங்க என்னை மன்னிச்சுட்டாங்களா அக்கா என்று பஸ் ஏறும்போது கேட்டாய். எனக்குத் தெரியாது, தம்பி. அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை. அதை மட்டும் பார்த்தேன்.

பெரியப்பா கோயிலுக்கு வரவில்லை. அவர் வாசலில் மத்தியானம் வரை வெயிலில் நின்றாய். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தாராம், தலை நிமிரவே இல்லை என்று பெரியம்மா சொன்னார்கள்.

நீ போன மறுநாள் பால்வாடிக்கு வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டானுங்க பெரியப்பா."

பிள்ளைகளின் தட்டுகளை எடுத்து அடுக்கி வைத்தார். அப்புறம் கேட்டார்.

"அந்தப் படத்துல, ரெண்டு புள்ளைங்க போச்சே கண்ணு. அப்பனைக் கண்டுபுடிச்சு ஊடு போய்ச் சேந்துதுங்களா? நாமதான் பாதியில எந்திரிச்சு வந்துட்டமே."

"தெரியலீங்களே பெரியப்பா."

"அவனுக்குத் தெரியுமல்லோ. எழுதிக் கேளு."

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கே எழுது. நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புள்ள அக்கா,
மாதம்மாள்