ரோசா மிஸ்ஸியின் 'ஃபிகா'

1943, ஆனி மாதம், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிகளைக் கொதிக்க வைத்தேன். சாப்பாடு மரவள்ளி, மறுபடியும்.

இங்கே நர்ஸ் ரோசா மிஸ்ஸி. மலாக்கா செரானி, போர்த்துகீசியக் கலப்பு வம்சம். வீட்டுப் பேச்சு போர்த்துகீசியம். நாள் முழுக்க வாயில் ஒரே வார்த்தை: ஃபிகா. காய்ச்சலோடு எழுந்து ஓடுகிறவனைப் பிடித்துப் படுக்க வைத்து, "ஃபிகா!" இரு என்று அர்த்தம். துணி வெளுத்தாலும் ஃபிகா, வெள்ளை ஆயிற்றாம். கஞ்சி மிஞ்சினாலும் அதேதான். ஒரு வார்த்தையை வைத்துக் குடித்தனமே நடத்துகிறார்.

"ஜப்பான்காரன் வந்து துரைமாருங்க ஓடுனப்ப நீங்களும் மலாக்கா போயிருக்கலாம்லா, மிஸ்ஸி?"

"போயிருக்கலாம்லா. இந்த ஆளுங்களுக்கு யாரு மருந்து ஊத்துறது? நான் ஃபிகா."

என்ன பொம்பளை!

செவ்வாய்

காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி பேர் வாசித்தார். சயாமுக்கு, ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட. என் வீட்டுக்காரர் பேரும். போன தடவை போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

மிஸ்ஸியிடம் ஓடி அழுதேன்.

"அழுவாத. அம்மை வந்தா வாசல்ல என்ன கட்டுவீங்க?"

வேப்பிலை. புரிந்தது.

புதன்

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் பின்னறையில். உடம்பெல்லாம் மஞ்சள் பூச்சு, வாசலில் வேப்பிலை. முனகச் சொன்னால் மனுஷனுக்குச் சிரிப்பு வருகிறது. மிஸ்ஸி ஒரு "ஃபிகா" போட்டார். அடங்கினார்.

ஜப்பான் அதிகாரி வந்தான். மிஸ்ஸி வாசலை மறித்து, "ஜாங்கான் மாசோக்! சாக்கிட்!" உள்ளே வராதே, நோய். ரெண்டடி பின்னால் போனான். ஆள் குறைகிறதே என்று கத்தல். வேறொருத்தனைப் பிடிக்கச் சொன்னான். மிஸ்ஸி யோசிக்கவே இல்லை. இன்னொருத்தன் வேண்டாம், இத்தனை பேருக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே, நானே வருகிறேன் என்று மலாயிலேயே சொல்லிவிட்டார்.

வியாழன்

வெயில். சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு லோரி.

அம்மை கண்ட இடத்திலிருந்து கிளம்புகிறவர்கள் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது; சொன்னால் அம்மை கொடுக்கிற ஆத்தா கோபித்துத் திரும்ப வருவாள். மிஸ்ஸிக்கும் தெரியும். அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றான். பின்னறையை எட்டிப் பார்த்தார், மருந்துப் பெட்டியை எடுத்தார், ஒரு வார்த்தை இல்லாமல் லோரியில் ஏறினார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பாவி.

லோரி கிளம்பியதும் பொறுக்கவில்லை. ரப்பர் மரங்களுக்குள் குறுக்கே ஓடி, வளைவில் பிடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்: "போய்ட்டு வாங்க மிஸ்ஸி! கட்டாயம் வரணும்!"

ஆத்தா கோபிக்க ஒன்றுமில்லை. எங்களிடம் அவள் வரவே இல்லையே.