ஏரியில் போனவனுக்கு ஒரு கல்

அன்பானவளே,

நேற்று உன்னிடம் வருவதற்காக அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பழைய பச்சைக் குளிர் ஜாக்கெற்றை இழுத்து எடுத்தேன். கைப்பக்கம் ஏதோ குத்தியது. யூனியன்வில் வயலோரத்தில் அன்று ஒட்டிய முள்ளுக்காய் ஒன்று, நாயுருவி மாதிரிப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடமும் என்னோடு இருந்திருக்கிறது. பிடுங்காமல் அப்படியே போட்டுக்கொண்டேன்.

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்திருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு எங்களுக்கு. சேர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் கதவைத் தட்டுவாய். "வெளிக்கிடடி, புதையல் எடுக்கப் போவம்." நீ புதையல் என்றது, முதன்முதல் இங்கே காடு வெட்டிக் கமம் செய்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கள் காணி மூலையிலேயே தங்கள் சனத்தைப் புதைத்த இடங்களை. மற்றப் பெண்கள் மலிவு விற்பனைக்குப் போக, நாங்கள் இரண்டு பைத்தியங்களும் ரோட்டு வரைபடத்தில் சின்னச் சிலுவைக் குறி தேடினோம். பிளாசாக் கடைகளின் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், மின்கம்பிக் கோபுரத்தின் கீழே, புதுவீடுகள் எழும்பும் சேற்றுக்கு நடுவே எங்கேயாவது நாலைந்து கல் சாய்ந்து கிடக்கும். நீ புல்லைப் பிடுங்கி ஒவ்வொன்றுக்கும் மெழுகுதிரி கொளுத்துவாய்.

"ஆரடி உவை? உன்ர மாமன் மச்சானே?" என்று கேட்டேன்.

"ஆருமில்லாதவை. அதுதான்," என்றாய்.

நான் சைவக்காரி. சுடலைக்குப் போய் வந்தால் தலைமுழுகாமல் ஒரு கோப்பையைக்கூடத் தொடமாட்டேன். அது உனக்கு நல்ல பகிடி. காரை எடுக்கமுதல் வேண்டுமென்றே பின்கதவைத் திறந்து, "ஆரும் வாறியளோ? இடம் கிடக்கு!" என்று அந்தக் கற்களைப் பார்த்துக் கூப்பிடுவாய். "சனியனே, சாத்தடி!" என்று கத்திவிட்டு, வீடு வரும்வரை முருகனைக் கூப்பிட்டபடி, திரும்பிப் பாராமல் இருப்பேன்.

ஆனால் உன் தம்பிக்கு மட்டும் நீ திரி கொளுத்தியதில்லை. மன்னாரில், விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ஆமிக்காரர் அவனை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. மரித்தோர் நாளில் உன் அம்மா சேமக்காலைக் கல்லறைகளில் எல்லாருக்கும் கொளுத்துவாவாம், அவனுக்கு மட்டும் இல்லையாம். "'வாறன் அக்கா' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன். திரி கொளுத்தினால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரி," என்றாய் ஒருநாள். பிறகு நான் அந்தக் கதை எடுக்கவில்லை.

யூனியன்வில்லில் அன்று சோளம் அறுத்த வயலின் ஓரம், முள்ளுப் பற்றைக்குள் ஒரு கல் குப்புறக் கிடந்தது. "பாவமடி, மூச்சு முட்டப்போகுது," என்று சொல்லி, காரிலிருந்த பனி அள்ளும் சவளைக் கொடுத்து நெம்பினாய். மழையும் பனியும் படாத எழுத்து, நேற்று வெட்டியது மாதிரி இருந்தது. என்னை வாசிக்கச் சொன்னாய். ஓர் இளந்தாரியின் பெயர். ஏரியில் மூழ்கிப் போனான், உடல் கிடைக்கவில்லை, தாயும் தகப்பனும் வைத்த கல்.

"அப்ப உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

"ஆள் இல்லாமலே கல்லு வைச்சவையோ?"

"ஓம்."

நனைந்த புல்லில் முழந்தாளிட்டு வெகுநேரம் இருந்தாய். காற்று நின்றுவிட்டது. பின்னால் சோளக்கட்டைகளை மிதித்துக்கொண்டு யாரோ வருவது போல் கேட்டுத் திரும்பினேன். ஒருவரும் இல்லை. அப்போதுதான் நீ திரியைக் கொளுத்தி, உன் தம்பியின் பெயரைச் சொன்னாய். அழவில்லை. சாப்பிடக் கூப்பிடுவது போலச் சொன்னாய்.

அன்றும் பின்கதவைத் திறந்தாய். பகிடி விடவில்லை. ஒருவர் ஏறி இருக்கிற அளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மெல்லச் சாத்தினாய். எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் என் சீற்றைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டேன், அவன் கால் நீட்டட்டும் என்று. நீ அதைப் பார்த்தாய்.

நீ கேட்டபடியே உன் மகள் செய்திருக்கிறாள். உன் கல்லறைக் கல்லில் உன் பெயருக்குக் கீழே அவன் பெயர். நேற்று மரித்தோர் நாள் என்று இரண்டு திரி கொளுத்தினேன். காற்றுக்கு உன்னுடையது அணைந்து அணைந்து போனது, அவனுடையது நின்று எரிந்தது. அதிலும் நீ விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

காருக்கு வந்து பின்கதவைத் திறந்தேன். "ஏறடி, தம்பியையும் கூட்டிக்கொண்டு வா," என்றேன். குளிர் ஏறி வந்தது. கொஞ்சநேரம் நின்று, மெல்லச் சாத்தி, என் சீற்றை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகவில்லை. உங்களையும் கழுவிவிட்டால் எனக்கு இந்த வீட்டில் யாரடி இருக்கிறார்கள்?