நீங்கள் பூட்டிய எழுத்துகள்

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்கள் போன பிறகும் வாய் வரவில்லை. ஆசையாக இன்னும் நாலு வார்த்தை சேர்க்கலாம்தான், ஆனால் உங்கள்மேல் அவ்வளவு கோபம்.

மலர் உங்கள் குரலைக் கேட்டதே இல்லை. காது கேளாத பிள்ளை, பள்ளியிலும் கன்னடம். தமிழ் அவளுக்கு உங்கள் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தது. அல்சூர் வீட்டு முன்னறையில் பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிப்பீர்கள். வேலை முடிந்ததும் அவளுக்காகக் கதை அடிப்பீர்கள். ஏரிக்கரை நாய் ஒன்று டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஊர் சுற்றும் கதைகள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படித்துப் படித்துச் சிரிப்பாள்.

உங்களுக்குப் பின்னாலேயே அந்தக் கம்ப்யூட்டரும் கெட்டுப் போய்விட்டது. கதைகள்தான் ஃபிளாப்பியில் இருக்கின்றனவே என்று தைரியமாக இருந்தேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கொக்கியும் கட்டமும் கேள்விக்குறியும்தான் வந்தன. மற்ற கடைக்காரர்கள் உங்கள் ஃபான்டைத் திருடுகிறார்கள் என்று எழுத்துகளை எல்லாம் இடம் மாற்றி வைத்தீர்களே, அதன் பலன்.

"நம்ம எழுத்து நம்ம கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தெரியும் பாரு. ஒருத்தனும் காப்பி அடிக்க முடியாது" என்று அன்றைக்கு என்ன பெருமை! ஒருவனும் காப்பி அடிக்கவில்லை. உங்கள் மகளாலும் படிக்க முடியவில்லை. சந்தோஷமா?

அடுகோடி அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார். "சும்னே, வீணா அலையாதீங்கக்கா. இது அவரு பண்ண வேலை, அவருக்குத்தான் தெரியும்." மலரோ தினமும் ஃபிளாப்பிகளைக் கொண்டுவந்து என் மடியில் வைப்பாள். சில ஃபிளாப்பிகள் இப்போது திறக்கவே மறுக்கின்றன. நான் யாரிடம் போய் நிற்பேன்? ஏன் எனக்காவது சொல்லிவைக்கவில்லை?

கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். தாங்கள் எழுதும் மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று கொடுத்துவிடுகிறவர்கள். அங்கே சாந்தி என்று ஒரு பெண் கேட்டாள்: "ஏதாச்சும் ஒரு கதை யாருக்காவது வரிக்கு வரி ஞாபகம் இருக்கா?"

நான் மலரைக் காட்டினேன். அவள் உட்கார்ந்து நாயின் முதல் கதையை நிறுத்தாமல் எழுதினாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. சாந்தி அதை ஃபிளாப்பியில் தெரிந்த கொக்கிகளோடு எழுத்தெழுத்தாகப் பொருத்தி, எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். பிழைத்திருந்த ஃபிளாப்பிகளை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தாள். எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் பொது எழுத்தாம். உங்களுக்குப் பிடித்திருக்காது.

நேற்று மலர் கடைசிக் கதையைப் படித்தாள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அடித்தது. நாய் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுகிறது. தெரியாத ஒரு தெருவில் இறங்கி, வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறது. கதை அதோடு நின்றுவிட்டது. மலர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மீதி எங்கே?" என்று கையை அசைத்தாள்.

அதை எந்த மென்பொருளில் தேடுவேன், சொல்லுங்கள்?

எனக்குக் கதை வராது, உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். பூட்டு போடாத எழுத்தில், நான் இல்லாவிட்டாலும் அவள் திறக்கும்படி. அந்த நாயை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மலரின் அம்மா