நாற்பது மில்லி மழை

செவ்வாய் நாள் 211. நேரம் 06:00
காற்றழுத்தம் 214 மில்லிபார். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஒன்பது. காற்று வடமேற்கிலிருந்து, மணிக்கு 18 கிலோமீட்டர். மழை: இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். நான் நசீமா. வயது இருபத்திரண்டு. காயல்பட்டினம். வளிமண்டலவியல் முதுகலை முதலாண்டு. என் பெயருக்கே தென்றல் என்று அர்த்தம், அதனால்தான் காற்றை அளக்கிற படிப்பில் தள்ளிவிட்டார்கள். இந்த நிலையம் ஹெல்லாஸ் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. செவ்வாயிலேயே ஆழமான இடம் இது. முப்பாட்டன் காலத்தில் தொடங்கிக் காற்றைக் கெட்டியாக்கிய பிறகும் வெளியே மூச்சு விட முடியாது. ஆனால் என்றைக்காவது மழை பெய்தால் முதலில் இங்கேதான் பெய்யும்.

நிலையத்தில் இரண்டே பேர். இன்னொருத்தி ஸ்டெல்லா பர்னாந்து, மணப்பாட்டுக்காரி. முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடம். அவள் செய்வது ஆராய்ச்சி இல்லை, ஆறாச்சு என்று கதவில் எழுதி ஒட்டினேன். கிழித்துப் போட்டுவிட்டு, நான்கு நாள் பாத்திரம் கழுவ வைத்தாள்.

செவ்வாய் நாள் 212. நேரம் 18:00
அழுத்தம் 213. மெல்லிய மேகம், தெற்கே. மழை: இல்லை.

ஸ்டெல்லாக்காவின் கணக்குப்படி முதல் மழை இந்தப் பருவத்தில் பெய்ய வேண்டும். பருவம் முடிய ஒன்பது நாள். பெய்யாவிட்டால் தலைப்பை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பச் சொல்லித் துறையிலிருந்து கடிதம் வந்தாயிற்று. இங்கே காற்றழுத்தம் 213, கைடு அழுத்தம் அதைவிட மூன்று மடங்கு. மூன்று நாளாக அக்கா சரியாகப் பேசவில்லை. என் கடிகளுக்குக்கூடத் திட்டவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நாளைக்குச் சிரிக்க வைக்கிறேன். திட்டம் தயார்.

செவ்வாய் நாள் 213. நேரம் 06:40
அழுத்தம் 213. மழை:

மழை: 2.0 மில்லிமீட்டர். அக்காவே கைப்பட எழுதியது.

நடந்ததை எழுதுகிறேன். ஐந்தரைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய், சமையலறைக் குழாயில் பிடித்த நாற்பது மில்லி தண்ணீரை மழைமானியில் ஊற்றினேன். மானிக்குள் சூடு இருக்கும், உறையாது. ஆறு மணிக்கு அவள் பார்ப்பாள், ஆறு ஐந்துக்கு நான் ‘ஏமாந்தாச்சு!’ என்று கத்துவேன், ஆறு பத்துக்கு அடி வாங்குவேன். அவ்வளவுதான் திட்டம்.

அவள் பார்த்தாள். அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டுக்குள் அழுகிற சத்தம் ரேடியோவில் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் துறைக்கும் அம்மாவுக்கும் செய்தி அனுப்பிவிட்டாள்.

“ஏட்டி நசீமா, பெஞ்சிருச்சுட்டி. நாம தூங்கிட்டிருக்கும்போது பெஞ்சிருக்கு பாரு, திருட்டு மழை!”

செவ்வாயில் இருந்துகொண்டு எனக்கு முதல்முறையாக வாய் இல்லை.

செவ்வாய் நாள் 213. நேரம் 17:30
அழுத்தம் 212.

இன்னும் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன், அவள் பாடிக்கொண்டே தோசை சுட்டாள். மத்தியானம் சொல்லலாம் என்று இருந்தேன், அவளுடைய கைடு பேராசிரியர் தில்லைநாயகத்தின் பதில் வந்தது.

“ஸ்டெல்லா, மகிழ்ச்சி. ஆனால் ஒரு மானியின் அளவை நாம் ஏற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவது மானியிலும் பதிவாகியிருந்தால் மட்டுமே அறிவிப்போம்.”

இரண்டாவது மானி 38 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதிலும் அதற்கு அப்பால் இருக்கிற மூன்றாவதிலும் அளவை அனுப்பும் கருவி போன மாதமே செத்துவிட்டது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆவியாவதற்குள் நாளை காலையே கிளம்புகிறாள். பிடித்த தண்ணீரில் பாதியைக் குப்பியில் போட்டு என்னிடம் தந்தாள். நீரைச் சோதிப்பது என் வேலை. அதனால் அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

வெறும் மானியைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். கோழை என்பதற்கு இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம்.

செவ்வாய் நாள் 214. நேரம் 05:30
அழுத்தம் 211. அக்கா வண்டியில் கிளம்பினாள். இருப்பது ஒரே வண்டி. வண்டியிலும் உடுப்பிலும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் காற்று, அதாவது 17:30 வரை. போக மூன்று மணி நேரம், வர மூன்று.

நேரம் 08:35
இரண்டாவது மானியிலிருந்து செய்தி.

“காஞ்சு கெடக்குட்டி. நான் நெனச்சேன், இங்க மேடு, சீக்கிரம் ஆவியாயிருக்கும். மூணாவது மானி பள்ளத்துல இருக்கு, அதுல நிக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம்தான். போயிட்டு மூணரைக்கு வந்துருவேன். சோறு வச்சிரு, குழைய விட்டுறாத.”

சரி என்றேன். ‘சரி’ என்று சொன்னது நான்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் 09:10
அழுத்தம் 206. அரை மணியில் ஐந்து குறைந்திருக்கிறது. மேற்கு வானம் துருப்பிடித்த தகரம் மாதிரி. பெரிய புழுதிப்புயல். என் கணக்கில் 12:50க்கு இங்கே வந்து சேரும்.

அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், நாற்பது மில்லி, ஐந்தரை மணி, எல்லாம். இப்போதே திரும்பினால் புயலும் நீயும் ஒன்றாக வந்து சேருவீர்கள், தப்பித்துக்கொள்ளலாம் என்றேன். 

அவள் சிரித்தாள்.

“போட்டி இவளே. புயல்னு சொன்னியே, அதோட நிறுத்தியிருக்கலாம். என்னைத் திருப்பணும்னு மழையையே பொய்யாக்குற பாரு. போன வாரம் காத்துத் தொட்டி ஓட்டைன்னு சொல்லி என்னைத் துண்டோட ஓடவச்சவதானே நீ?”

“அக்கா, இது நிஜம். உம்மா மேல சத்தியம்.”

“அன்னைக்கும் உம்மா மேலதான் சத்தியம் பண்ணுன. ரெண்டு மணி நேரம் தாங்காதா உன் புயல்? மூணாவதைப் பார்த்துட்டு ஓட்டிட்டு வந்துருவேன்.”

நேரம் 09:25
அவள் என்னை நம்ப மாட்டாள். எண்ணை நம்புவாள். நிலையத்துக் குழாய்த் தண்ணீரில் கிருமிக்காக அயோடின் கலக்கிறோம். மழையில் அயோடின் வராது. குப்பியை எடுத்துச் சோதனையில் போட்டிருக்கிறேன். கருவி சூடாக நாற்பது நிமிடம், இரண்டு தடவை ஓட முப்பது நிமிடம்.

அழுத்தம் 204.

நேரம் 10:38
குப்பித் தண்ணீர்: லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் அயோடின். குழாய்த் தண்ணீர்: 2.1.

அனுப்பினேன். கருவியின் வரைகோட்டையும் சேர்த்தே அனுப்பினேன். மூன்றாவது மானிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அதுவும் காய்ந்துதான் கிடந்தது.

“ரெண்டு தடவை ஓட்டுனியா?”

“ஓட்டுனேன்க்கா.”

“சரி. திரும்புறேன்.”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேரம் 12:50
புயல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் சரியாக வந்த முதல் முன்னறிவிப்பு. சன்னல் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு சன்னலே இல்லை. அக்கா 36 கிலோமீட்டரில் இருக்கிறாள். ஊர்ந்து வருகிறாள்.

நேரம் 13:25
வண்டி மணலில் புதைந்துவிட்டது. 33 கிலோமீட்டர். முன்சக்கரம் இரண்டும் உள்ளே. அவள் தோண்டுகிறாள், காற்று மூடுகிறது. பக்கத்து நிலையம் 600 கிலோமீட்டரில். அழைத்தேன்.

“புயல் ஓய மூன்று நாள் ஆகும் என்று தெரிகிறது. அதுவரை எங்களால் எதையும் கிளப்ப முடியாது. வருந்துகிறோம்.”

காற்று 17:30 வரை.

நேரம் 14:30
காற்று உருளை இரண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே போனேன். உடுப்பில் மூன்று மணி நேரக் காற்று, 33 கிலோமீட்டர். கணக்குத் தெரியாமல் இல்லை. முந்நூறு அடி போயிருப்பேன், என் கையுறையே எனக்குத் தெரியவில்லை.

“நசீமா, உள்ள போ.”

“முடியாதுக்கா.”

“ஏட்டி, கழுத, உள்ள போ! நீயும் போய்ட்டா யாரு எழுதுவா? இந்தப் புயலுக்கு நடுவுல உக்காந்து எவளும் இதுவரைக்கும் அளவு எடுத்ததில்ல. என்கிட்ட மூணு மணி நேரம் இருக்கு. மணிக்கு ஒரு தடவை சொல்றேன், எழுதிக்கோ.”

நிலையத்தோடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்தேன். எழுதுகிறேன்.

நேரம் 15:00. வண்டியிலிருந்து
“அழுத்தம் 197. வெப்பநிலை கழித்தல் நாலு. காத்து மேற்கு, 110. பார்வைத் தூரம் சைபர். எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். பிறகு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“அதெல்லாம் இப்ப வேண்டாம்ட்டி. எனக்குப் பதில் சொல்லக் காத்து செலவாகும்.”

நேரம் 15:35
பூமியிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்திருக்கிறது. வழியிலேயே இருபது நிமிடம் ஆகியிருக்கும். அங்கே யாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது.

“ஸ்டெல்லா, மக்கா, தெருவுல அத்தனை வீட்டுக்கும் பாயசம் குடுத்துட்டேன். சாமியார் பூசையில உன் பேரைச் சொன்னாரு. அங்க மழை தண்ணி இனிப்பா இருந்துச்சா, உப்பா இருந்துச்சா? அதைச் சொல்லாம விட்டுட்டியே.”

அக்காவுக்குப் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்டேன். இனி எதையும் அவளிடமிருந்து ஒளிக்கப் போவதில்லை.

நேரம் 16:00. வண்டியிலிருந்து
“அழுத்தம் 196. கழித்தல் ஆறு. மேற்கு, 118. பார்வை சைபர். அம்மாகிட்ட நீதான் சொல்லணும். துறையில இருந்து ஃபோன் பண்ண விட்டுறாத. மழை பெய்யலன்னு மொதல்ல சொல்லு. நான் வரலங்கிறதை அதுக்கப்புறம் சொல்லு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா தாங்க மாட்டா.”

சரி என்றேன். இந்தச் சரியை மட்டும் காப்பாற்றுவேன்.

நேரம் 16:20
துறைக்கு எழுதிவிட்டேன். 213ஆம் நாளின் 2.0 மில்லிமீட்டரைத் திரும்பப் பெறுகிறேன். ஊற்றியது நான், என் முழுப்பெயர், சேர்க்கை எண். 

நேரம் 17:00. வண்டியிலிருந்து
“அழுத்தம்... 196. கழித்தல் எட்டு. காத்து 115, இல்ல, இரு, 112. பார்வை சைபர். ஏட்டி, ஏதாவது கடி சொல்லு.”

ஒன்றும் வரவில்லை. என்னிடம் எப்போதும் பத்தாவது இருக்கும். அழுதேன்.

“ச்சீ, இது நல்லா இல்ல. வேற சொல்லு.”

மணப்பாட்டுக்காரிக்குச் செவ்வாயில் என்ன வேலை, அங்கே கல்யாணம் ஆகவில்லை என்றா செவ்வாய் தோஷத்தைத் தேடி வந்தாய் என்றேன். ஆயிரம் தடவை சொன்ன கடி. சிரித்தாள். நான் கேட்டேன். நீளமான சிரிப்பு, அவ்வளவு காற்றையும் அதற்குச் செலவு செய்தாள்.

நேரம் 17:30

நேரம் 17:45
அழைக்கிறேன்.

நேரம் 18:00. வண்டியிலிருந்து

நேரம் 18:25
நிலையக் கணினியின் தானியங்கிச் செய்தி.

“வண்டியின் 18:00 மணி அளவு வரவில்லை. விடுபட்ட இடத்தை முந்தைய அளவுகளின் சராசரியால் நிரப்பலாமா?”

நிரப்பாதே.

நேரம் 19:00. வண்டியிலிருந்து

நிரப்பாதே.

நேரம் 20:00. வண்டியிலிருந்து