தெருவே மணந்த ஏலக்காய்

1981, ஐப்பசி, வியாழன்

அண்ணன் தோட்டத்தில் விளைந்து மழையில் நமுத்துப்போன ஏலக்காயை நேற்று அறையில் பரப்பி அனலில் உலர்த்தினோம். மறுநாள் போடியில் ஏலம் விடுவதற்குள் காய வேண்டுமே என்று கரியை அள்ளிப் போட்டது நான்தான். "தெருவே மணக்குது டீச்சர்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. பெருமையாக இருந்தது.

இன்று வகுப்பில் வேதிப்பிணைப்புப் பாடம். உப்பில் அயனிகள் இறுகப் பிணைந்திருப்பதால் அதற்கு வாசமில்லை. கற்பூரத்தில் மூலக்கூறுகளுக்கிடையே பிடிப்பு குறைவு, சூடு பட்டால் மணமாகப் பறந்துவிடும் என்று சொல்லும்போதே, நேற்று நான் போட்ட கரியும் தெருவே மணந்ததும் நினைவுக்கு வந்தன.

சாயங்காலம் போடி ஏலத்திலிருந்து அண்ணன் மூட்டைகளோடு திரும்பினார். "யாவாரிங்க உரிச்சு மோந்து பாத்துட்டுத் தட்டுலயே போட்டுட்டுப் போறாங்க தாயி. ஒருத்தனும் கேக்கல. என்னன்னே வெளங்கல."

வருசம் முழுக்க மலையில் அவர் பட்ட பாடு. காரணம் எனக்குத் தெரியும். மூட்டைகளை இறக்கி வைக்க மட்டும் கை கொடுத்தேன்.

தலையணைகூட இன்னும் ஏலக்காய் மணக்கிறது.