போனை நீ வைத்த பிறகு

பவானிபூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள இந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியம் என்று நானாக எழுதிக்கொள்ள மனசு வரவில்லை, பதினாறு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

அன்றைக்கு நடந்ததில் தப்பு என்னுடையது. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு பெருமைக்கு ஆசைப்பட்டதில்லை. கிதிர்பூர் துறைமுகத்தில் நின்ற கப்பலில் சமையல்காரராக இருந்த ஏமன்காரருக்கு வயிற்றில் இரண்டாவது ஆபரேஷன், அவர் மனைவி ஹனான் சம்மதம் சொல்ல வேண்டும். கப்பல் கம்பெனி அனுப்புகிற மொழிபெயர்ப்பாளர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். உடனே நான், 'என் பொண்ணு கோழிக்கோட்டுல அரபி பி.ஏ. ரெண்டாம் வருஷம்' என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி உனக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரிலும் போட்டேன். நீ நன்றாகத்தான் ஆரம்பித்தாய். அவள் அழுதுகொண்டே மடமடவென்று கொட்டினாள். நீ இரண்டு தரம் ஏதோ கேட்டாய், அப்புறம் 'அம்மா, ஒரு வார்த்தைகூடப் புரியலை, என்னை விட்டுடேன்' என்று வைத்துவிட்டாய். பக்கத்து சீட் ப்ரியா சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நீ அனுப்பிய மெசேஜை எத்தனை தரம் படித்திருப்பேனோ. முதல் வருஷம் எழுத்துக் கூட்டிப் படித்ததற்கே கைதட்டினார்கள், இப்போது புத்தகத்தில் உச்சரிப்புக் குறிகளே கிடையாது, ஒரே சொல்லை மூன்று விதமாகப் படிக்கலாம், கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் சின்ன வயசிலிருந்து மதரஸாவில் ஓதிப் பழக்கம், நான் மட்டும் நடுவில் மாட்டிக்கிட்டேன், அப்பாவிடம் அவ்வளவு சண்டை போட்டு வந்துவிட்டுத் திரும்பவும் முடியாது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. 'கொழந்தை ஏன் பேசறதே இல்லை' என்று தினம் கேட்கிறார், பரீட்சை என்று தினம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொன்னால் மறுநாளே ரயில் ஏறி உன்னை அழைத்து வந்துவிடுவார். சொல்லாவிட்டால் உன்னை அங்கே தனியாகத் தவிக்க விட்டவள் நான்.

நீ வைத்த பிறகு நடந்ததைக் கேள். இரண்டு மணிக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார், அவள் கையெழுத்துப் போட்டாள், ஆபரேஷன் ஆகி மனுஷன் பிழைத்துவிட்டார். போனில் என்ன சொல்லி அழுதாள் என்று அவர் மூலமாக அவளிடம் கேட்டேன். 'அந்தப் பொண்ணு பேசறது ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு, எனக்கு நன்னாப் புரியறது, என் பேச்சு அவளுக்குப் புரியலேன்னா பரவாயில்லை, போனை மட்டும் வெச்சுட வேண்டாம்னு சொல்லுங்கோ' என்று கெஞ்சினாளாம். எட்டு நாளாக வார்டு வாசல் பெஞ்சில் அவளிடம் அவள் பாஷையில் பேச ஆளே இல்லையாம், அந்த மொழிபெயர்ப்பாளர் வந்து போகிற பத்து நிமிஷம் தவிர.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து நாலு வருஷம், கரியாஹாட் மார்க்கெட்டில் என் பெங்காலியில் பேரம் பேசினால் கடைக்காரன் திணறுவான். ஆனால் எதிர் ஃப்ளாட் மாஷிமாவின் கணவர் தவறியபோது என்ன சொல்வதென்று தெரியாமல் டீ போட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இந்த நடுவிலிருந்து வெளியே போகிற வழி எனக்கும் தெரியவில்லை, கண்ணே. படிப்பை விடுவதென்றால் விடு, அப்பாவின் கோபத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அந்த ஒரு போனுக்காக விடாதே.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஹனான் என் போனைக் காட்டி, காதில் வைத்துக்கொள்வது போல ஜாடை செய்தாள். உனக்குப் போட்டேன், அடித்து அடித்து நின்றது. போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கொடுத்தேன், ஒரு நிமிஷம் பேசினாள். அதை இன்றைக்கு உன் போனுக்கு அனுப்புகிறேன். அர்த்தம் யாரிடமும் கேட்கவில்லை, நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தரம் மெதுவாகத்தான் பேசியிருக்கிறாள்.

நன்றாகச் சாப்பிடு, மழையில் நனைந்த தலையோடு வகுப்பில் உட்காராதே. எது நடந்தாலும் உன் பக்கம் நிற்கிற

அம்மா
வசுந்தரா